மஸ்கட் அக்கா கட்டிக் காட்டிய ஆங்கிலம்

எங்கள் கடையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு பட்டுப்புடவையோடும் ஓர் அட்டை போகும். புடவை கட்டும் முறை, ஒன்பது வரி, ஆங்கிலத்தில். எழுதியவள் நான். எழுதியது சரிதானா என்று கட்டிப் பார்த்தவர் மஸ்கட் அக்கா. அட்டை அச்சாகி வந்தபோது அவர் இல்லை. எட்டு மாதம் ஆகிறது. எனக்கு இதுவரை அழுகை வரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வராததை வந்ததாக எழுத எனக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் வேறோர் அட்டை வைத்துக்கொண்டிருந்தோம். எங்கிருந்தோ பார்த்து எடுத்தது. கனடாவிலிருந்து ஓர் அம்மா எழுதினார்: அதைப் படித்து அவர் மகள் கட்டிய புடவை, வரவேற்பு மேடையிலேயே நழுவிவிட்டதாம். முதலாளி என் மேசைக்கு வந்து, “நீதான் எம்.ஏ. இங்கிலீஷாச்சே, நீயே எழுதிடு” என்றார். எம்.ஏ.தான், தபால் வழியில். ஆன், ஓவர், அக்ராஸ், இன்டு எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இருக்கும் பொருளுக்கு எது, நகரும் பொருளுக்கு எது என்று கோடிட்ட இடங்களை நிரப்பித்தான் பட்டம் வாங்கினேன். ஆனால் ஐந்தரை மீட்டர் துணி எதைச் சுற்றி வந்து, எதற்கு அடியில் நுழைந்து, எதன் மேல் விழுகிறது என்று எழுத உட்கார்ந்தபோது ஒரு வரிகூட ஓடவில்லை. தினமும் காலையில் ஐந்து நிமிடத்தில் கட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறவள் நான்.

புடவை மடிக்கும் பிரிவில் இருந்த மஸ்கட் அக்கா அப்போதுதான் உதவிக்கு வந்தார். சந்தவாசல் பக்கம் ஊர். ஆறு வருடம் மஸ்கட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். படிப்பு எட்டாவது. அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேச வராது, ஆனால் இந்தச் சின்ன வார்த்தைகள் மட்டும் அத்துப்படி. “அண்டர்னா குனியணும், பிஹைண்டுன்னா நகரணும், இன்சைடுன்னா போய்க் கதவ சாத்திக்கணும். ஜல்தியா செய்யலன்னா அந்த வீட்டம்மா சத்தம் போடுவா” என்று சிரித்தபடியே சொல்வார். நான் விதியாகப் படித்ததை அவர் முதுகாலும் முட்டியாலும் படித்திருந்தார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வேலைக்கு அவரே ஒரு சட்டம் போட்டார். நான் வாசிக்க வேண்டும். வாசித்ததை மட்டும் அவர் செய்வார். பழக்கத்தில் கை தானாகப் போகாது. “என் கை தானா போச்சின்னா, நீ எழுதனது தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும் டீச்சரம்மா?” முனையை இடுப்பில் செருகிவிட்டுத் திரும்ப வேண்டும் என்று ஒருமுறை எழுதியிருந்தேன். அக்கா திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சுற்ற வேண்டியது துணி என்று நான் எழுதவே இல்லை. இன்னொரு நாள் ஓவர் வரவேண்டிய இடத்தில் ஆன் போட்டேன். முந்தானை முழுவதையும் தோளிலேயே அடுக்கிக்கொண்டு, “மூட்ட எறக்கணும், ஆள் கூப்புடு” என்றார். மடிப்புப் பிரிவே சிரித்தது. தப்பு எங்கே என்று அவர் ஒருபோதும் சொல்லமாட்டார். வார்த்தை விட்ட இடத்தில் அப்படியே நின்றுவிடுவார். நான் காகிதத்தைப் பார்த்துத் திருத்துவேன். அவர் நின்றால் காகிதத்தைப் பார்ப்பது எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஒரு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தோம். ஆறு வரி தடையில்லாமல் போயிற்று. ஏழாவது வரி, முந்தானையை இடது தோளுக்கு மேலே விட்டு, இடது கையைத் தூக்கிப் பின்பக்கம் இழுத்துவிடுவது. அக்கா நின்றுவிட்டார். இடது கை மார்பளவுக்கு வந்து அங்கேயே இருந்தது. நான் காகிதத்தைப் பார்த்தேன். ஓவரை அடித்துவிட்டு அக்ராஸ் என்று எழுதி வாசித்தேன். கை நகரவில்லை. வரியை இரண்டாக உடைத்து வாசித்தேன். “இன்னொரு தபா படி” என்றார். படித்தேன். அவர் கழுத்தில் வேர்வை வழிவதைக் கண்டு மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தேன். அவருக்காக இல்லை, பட்டில் கறை விழுந்துவிடுமே என்று. ஐந்தாவது தடவை, வலது கையால் இடது முழங்கையைத் தாங்கித் தூக்கி, முந்தானையைப் பின்னால் விட்டார். “இப்ப சரியா வந்துச்சி” என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த வரிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டேன். எட்டும் ஒன்பதும் முடிந்ததும், “கொஞ்சம் பேஜாரா இருக்குது, நான் கிளம்பறேன்” என்று புடவையை மடித்துவைத்துவிட்டுப் போனார்.

பஸ்ஸிலேயே சாய்ந்துவிட்டார். இதயம் என்றார்கள். மதியத்திலிருந்தே வலி இருந்திருக்கும், அப்போதே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். துக்கத்துக்குப் போனேன், மாலை போட்டேன். மறுநாள் கடைக்கு வந்து அட்டையை அச்சுக்கு அனுப்பினேன். சாப்பிட்டேன், தூங்கினேன். உடம்பில் எந்த இடத்திலும் எதுவும் தோன்றவில்லை. ஏழாவது வரியை அதற்குப் பிறகு இன்றுவரை நான் வாசித்ததில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் அவர் மகள் தெள்ளாரிலிருந்து வந்தாள். கடையில் கிடந்த டிபன் பாக்ஸையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு அம்மா உங்ககூடத்தான் இருந்தாங்கன்னாங்க. வலிக்குதுன்னு ஏதாச்சும் சொன்னாங்களாக்கா?”

இல்லை என்றேன். அவர் சொல்லவில்லைதான்.

“மூஞ்சி எப்படிக்கா இருந்திச்சி?”

அந்தக் கை எந்த உயரத்தில் நின்றது, விரல்கள் எப்படி மடங்கியிருந்தன என்று என்னால் இப்போதும் வரைந்து காட்ட முடியும். முகம் தெரியவில்லை. ஐந்து தடவையில் ஒரு தடவைகூட நான் நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை.

“நல்லாத்தான்மா இருந்தாங்க. சிரிச்சிக்கினுதான் இருந்தாங்க” என்றேன்.

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்களாச்சும் பக்கத்துல இருந்தீங்களே, அது போதும்க்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பிடித்துக்கொள்ள விட்டேன்.