பளபளக்கும் சோளமும் ஒரு மூட்டைக் கருவாட்டுத் தூளும்

சோள இலையின் மெழுகைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், மாமனார் வீட்டார்கூட அடுத்த கேள்வி கேட்பதில்லை.

வழக்கமான சோளக் கன்றின் இலையில் மெல்லிய மெழுகு படிந்திருக்கும். சில ரகங்களில் அது குறைவு. இலை பளபளவென்று இருக்கும். அதில் முட்டையிடக் குருத்து ஈக்கு அவ்வளவாகப் பிடிக்காது. முட்டையிட்டால் புழு உள்ளே இறங்கி நடுக்குருத்தைத் தின்றுவிடும். அந்தப் பளபளப்பை நம்மூர் ரகத்துக்குள் கொண்டுவருவது என் வேலை. இந்தப் பருவத்தில் ஈ தொடாத செடி கிடைக்காவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். திருச்செந்தூரில் மாமனாரின் பாத்திரக்கடைக் கல்லா எனக்காகக் காத்திருக்கிறது. பூச்சியை நம்பிப் பிழைக்கும் சக பாவிகளுக்கு என் கலக்கம் புரியும்.

விருந்துக்கு அழைப்பு

ஈ வந்தால்தானே எந்தச் செடி தப்பிக்கிறது என்று தெரியும்? குருத்து ஈக்குக் கருவாட்டு நாற்றம் என்றால் உயிர். ஆகவே திரேஸ்புரத்தில் கருவாடு விற்கும் பிலோமினா அக்காவிடம், உதிர்ந்த தூளாக ஒரு மூட்டை கேட்டேன். எதற்கு என்றார். நனைத்து வயலில் வைத்து ஈயை வரவழைக்க என்று மிடுக்காகச் சொன்னேன். ஓலை விசிறியைக் கருவாட்டின் மேல் வீசிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"விடிஞ்சதுலேர்ந்து ஈய வெரட்டியே கை ஓஞ்சு போச்சு. நீங்க அதத் தேடிப் போயி அழைக்கீயளா தம்பி?"

நாலுக்கு நாலு

மெழுகு இலையில் தண்ணீர் தெளித்தால் உருண்டு விழுந்துவிடும். பளபளப்பு இலையில் ஒட்டி நிற்கும். இரண்டு ரகங்களைக் கலந்த இரண்டாம் தலைமுறையில், நாலில் ஒரு செடிதான் பளபளக்க வேண்டும். சோதித்துப் பார்க்கப் போன அன்று என் தெளிப்பான் மக்கர் செய்ததால், நிலம் தந்த முத்தையா அண்ணாச்சியின் தெளிப்பானை இரவல் வாங்கினேன். எல்லாச் செடியிலும் தண்ணீர் ஒட்டியது. எங்கோ தப்பு என்று சந்தேகமே வரவில்லை. விருது மேடைதான் கண்ணுக்குத் தெரிந்தது. வழிகாட்டிப் பேராசிரியைக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டேன். பிறகுதான் அண்ணாச்சி தெளிப்பானைத் திரும்ப வாங்க வந்தார்.

"நேத்து மிளகாச் செடிக்குச் சோப்புத் தண்ணி அடிச்சது தம்பி. அலசிட்டுத்தான ஊத்தினிய?"

வரப்புக்கு அந்தப் பக்கம்

சோப்புத் தண்ணீர் எந்த இலையிலும் ஒட்டும். கழுவிய தெளிப்பானோடு மறுநாள் பார்த்தேன், நாலில் ஒன்றுதான். பேராசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கருவாட்டுத் தூளை நனைத்து வைத்தேன்.

ஈக்கள் வந்தன. சில நாளில் மெழுகுச் செடிகளின் நடுக்குருத்து வரிசையாகக் காய்ந்தது. பளபளப்புச் செடிகளில் பெரும்பாலானவை நின்றன. பிழைத்தேன் என்று வரப்பில் ஏறிக் குதித்தேன். அங்கிருந்து பக்கத்து வயல் தெரிந்தது. அது அண்ணாச்சி பிந்தி விதைத்த சொந்தச் சோளம். அதிலும் குருத்துகள் காய்ந்திருந்தன. கருவாட்டு நாற்றம் வரப்போடு நிற்காது என்று இத்தனை படித்தும் எனக்குத் தோன்றவில்லை. வெட்கத்தில் ஓடிவிடலாமா என்றிருந்தது. அண்ணாச்சி ஏசவில்லை. காய்ந்த குருத்து ஒன்றை உருவிப் பார்த்துவிட்டு, நின்றிருந்த என் செடிகளைப் பார்த்தார்.

"ஒங்க பரீட்சைய எங்க வயலும் எழுதிட்டு, பெயிலும் ஆயிட்டு. நிக்குத செடியில மொத வெத எனக்குத்தான், பாத்துக்கிடுங்க."

மாமனார் மறுபடி கல்லாவுக்கு அழைத்தபோது, ஈ தொடாத நாலு செடியைக் கண்டுபிடிக்க ஒரு வயலையே ஈக்கு விருந்து வைத்த கதையைச் சொன்னேன். ஆராய்ச்சியிலேயே இருங்க மாப்பிள்ளை என்று அவரே ஆசீர்வதித்துவிட்டார்.