இந்த வருஷம் போட மாட்டோம்

போன வாரம் புதூர்நாட்டுப் பக்கம் மலை ஏறினேன். சுற்றிப் பார்க்க அல்ல. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கூடிவிட்டது. சாமை சாப்பிடச் சொல்லிவிட்டார் டாக்டர். திருப்பத்தூர் கடையில் வாங்கிய சாமையில் பாதி கல். “மலையிலயே போய் வாங்கிட்டு வாயேன்” என்றார் மனிதர், ஏதோ எதிர்க்கடைக்கு அனுப்புவதுபோல!

ஷேர் ஜீப். எனக்கு முன் சீட்டு. டிரைவர் கோவிந்தன் ஐம்பதைத் தாண்டியவர். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் “புடிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு இறக்குகிற நாகரிகமான ஆள். அரை மணி நேரத்தில் நாற்பது தடவை சொல்லியிருப்பார்.

அவருடைய ஊர் எல்லையில் ஒரு மஞ்சள் போர்டு. (ஊர்ப் பெயரைப் போட மாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.) அதில் கறுப்புப் பெயின்ட்டில் இப்படி எழுதியிருந்தது:

‘புளியமரத்து வளைவு முதல் ஓடை வரை ரோடு மோசம். இந்த வருஷம் போட மாட்டோம். காரணம்: டெண்டர் எடுக்க யாரும் வரவில்லை. ஓடைத் தரைப்பாலம் பெரிய மழைக்குத் தாங்காது. பிரசவம், ஆபரேஷன் உள்ளவர்கள் மழைக்கு முன்பே கீழே இறங்கிவிடவும். — ஊராட்சித் தலைவர்.’

போட மாட்டோமா! ‘முடியாது’ என்று பெயின்ட்டில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்ட ஒரு ஊராட்சியை நீங்கள் பார்த்ததுண்டா? வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

“சிரிக்காதீங்க மேடம்” என்றார் கோவிந்தன். “இந்த போர்டாலதான் நான் நல்லபடியா தாத்தா ஆனேன்.”

அதே இடத்தில் முன்பு வேறொரு போர்டு இருந்ததாம். ‘இச்சாலை விரைவில் சீரமைக்கப்படும்.’ அதை நட்டபோது அவர் மகள் செல்வி ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ப்ளஸ் டூ முடித்தாள், நர்சிங் படித்தாள், கல்யாணம் ஆயிற்று, தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கும் வந்துவிட்டாள். ‘விரைவில்’ மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

இதில் கூத்து என்னவென்றால், கோவிந்தன் அதை நம்பினார்! அந்தச் சமயம் யாரோ நான்கு பேர் வந்து டேப் பிடித்து ரோட்டை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். அளந்தால் போடத்தானே? மழைக்குள் ரோடு வந்துவிடும், வலி எடுத்ததும் நம்ம ஜீப்பிலேயே கீழே இறக்கிவிடலாம் என்று நிம்மதியாக இருந்தார்.

ஒருநாள் ஜீப்பில் வரும்போது பார்க்கிறார்... பழைய போர்டைக் காணோம். ஸ்டூல் மேல் ஏறி நின்று புதுசில் எழுதிக்கொண்டிருந்தவர் பஞ்சாயத்து பிரெசிடெண்ட் மல்லிகாவேதான்.

“இன்னாம்மா இது? முடியாதுன்னு எழுதி வெக்கவா உனக்கு ஓட்டுப் போட்டோம்?”

“ஒருத்தரும் டெண்டர் எடுக்க வரலண்ணா. நான் இன்னா பண்ணட்டும், பொய் எழுதட்டுமா?”

“அதுக்குன்னு இப்பிடியா? பாக்கறவன் சிரிக்க மாட்டான்?”

“சிரிக்கட்டும். என்னை எவ்ளோ வேணாலும் திட்டிக்கோ. செல்விய மட்டும் மழைக்கு முன்னாடி கீழ கொண்டு வுட்டுடுண்ணா.”

இரண்டு நாள் ஜீப்பில் ஏறியவர்களிடமெல்லாம் மல்லிகாவைத் திட்டித் தீர்த்தார். மூன்றாம் நாள், நல்ல வெயிலில், மகளைத் திருப்பத்தூரில் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். கோபம் போகவில்லை. பயம் வந்துவிட்டது.

அடுத்த வாரம் அடித்தது மழை. தரைப்பாலம் பாதி போயிற்று. ஓடையில் தண்ணீர் வடிகிற வரைக்கும் ஜீப்பும் கோவிந்தனும் மேலே மாட்டிக்கொண்டார்கள். அன்று மதியம் கீழே செல்விக்கு வலி. ஆட்டோவில் ஐந்தே நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். உடனே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம்.

“மேலயே வெச்சிருந்தேன்னா...” என்றவர் கியரை மாற்றினார். நாற்பத்தோராவது பள்ளத்துக்கு அவர் “புடிச்சுக்கோங்க” சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சாமையை மல்லிகா வீட்டிலேயே வாங்கினேன். சொந்த நிலத்துச் சாமை, ஒரு கல் இல்லை. போர்டைப் பார்த்துவிட்டு மேலிடத்து ஆபீசர் ஒருவர் விசாரிக்க வந்த கதையையும் மல்லிகாவே சொன்னார்.

“ஊர் மானம் போவுதே, எடுத்துடும்மான்னாரு. மானம் ரோட்லதான சார் கெடக்குது, போர்டுல இன்னா கீதுன்னு கேட்டேன். சரி, ‘விரைவில்’னு ஒரு வார்த்தையாவது சேத்துக்கோன்னாரு. தேதி குடுங்க சார், சேத்துடறேன்னேன்.”

“அப்புறம்?”

“டீ குடிச்சுட்டுப் போய்ட்டாரு.”

ரோடு மோசம் என்பது நமக்கே தெரிகிறது, இடுப்பு சொல்லிவிடும். எத்தனை நாளைக்கு மோசமாக இருக்கும் என்பதைத்தான் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. சொன்னால் திட்டுவோம்தான். திட்டிவிட்டு, ஆகவேண்டியதைப் பார்ப்போம் இல்லையா?

உடனே, ‘ஆஹா, போர்டு வைத்தால் போதும்’ என்று எந்த ஆபீசரும் சந்தோஷப்பட வேண்டாம். மல்லிகா மாதா மாதம் கீழே இறங்கி, மனுவோடு ஆபீஸ் படி ஏறுகிறார். வந்த பதிலைப் போர்டின் அடியில் சாக்பீஸால் எழுதுகிறார். ‘பதில் இல்லை’ என்பதும் எழுதப்படுகிறது. இந்த மாதம் எழுதியிருந்தது: ‘பாலம் பார்க்க இன்ஜினியர் வந்தார். நனைந்தார்.’

இது தொற்றிக்கொள்ளும்போல. பக்கத்து டீக்கடை சிலேட்டில் ‘போண்டா — காலையில் போட்டது’ என்றிருந்தது. அப்போது மணி நான்கு. நான் பிஸ்கட் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போதும் கோவிந்தன் ஜீப்தான். செல்வியும் குழந்தையும் இன்னும் தங்கை வீட்டில்தானாம். விலாசம் கேட்டால்... என் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி!

“பேத்தியப் பாக்க ஒருநாள் வாங்க மேடம்.”

“கண்டிப்பா. சீக்கிரமே வர்றேன்.”

கோவிந்தன் ஜீப்பை ஓரமாக நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

“தேதி சொல்லுங்க மேடம்.”

சொல்லிவிட்டேன். இந்த ஞாயிறு, காலை பத்து மணி. போய்த்தான் ஆகவேண்டும் — ரெண்டு தெருவும் வழவழவென்று சிமென்ட் ரோடு. சாக்குச் சொல்ல ஒரு பள்ளம்கூட இல்லை!