கோழி கொண்டுவந்த பிரதர்

டேன் மொபெர்லியின் பல்லைப் பார்க்காமல் எங்கள் லேக் சார்ல்ஸ் ஊரைத் தாண்ட முடியாது. நெடுஞ்சாலைப் பலகை, பஸ்ஸின் முதுகு, சபையில் நாங்கள் வீசிக்கொள்ளும் அட்டை விசிறி, எல்லாவற்றிலும் அந்த வக்கீல் இளிக்கிறான். ‘அடிபட்டதா? என்னைக் கூப்பிடுங்கள்.’ கூப்பிடாவிட்டாலும் வருவேன் என்பதை மட்டும் அச்சடிக்க மறந்துவிட்டான்.

வெர்லீன் ஆர்சனோ பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். நானூறு பிள்ளைகளுக்குச் சிவப்பு பீன்ஸ் கிண்டிய கை. வாய் அதைவிட வேகம். சிக்னலில் நின்றிருந்த அவள் காரை ஒரு ரொட்டி லாரி இடித்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது. மூன்று மாதத்துக்குள் இரண்டாவது ஆபரேஷன் செய்தால் ஐந்து விரலும் பழையபடி மடங்கும் என்றார் டாக்டர். அந்தச் செலவை லாரி கம்பெனி கொடுக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் பொரித்த கோழியோடு ஒருவன் வந்தான். எங்கள் பக்கத்தில் நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவனை நீ யார் என்று யாரும் கேட்பதில்லை. வேறு சபைக்காரனாக இருப்பான், அவ்வளவுதான்.

“சிஸ்டர் வெர்லீன், ஜெபம் பண்ணலாமா?”

“பண்ணுங்க பிரதர். அந்த லாரிக்காரனுக்கும் சேத்துப் பண்ணுங்க. எனக்கு இப்ப அவனுக்காக வாய் வராது.”

கண்ணீர் விட்டு ஜெபித்தான். அவளும் ஆமென் சொன்னாள். பிறகு ஒரு தாளை நீட்டினான். யார் எந்த நாள் சாப்பாடு கொண்டுவருவது என்று சபையில் பட்டியல் போட்டு, நோயாளியிடம் கையெழுத்து வாங்குவது எங்கள் வழக்கம். அதுதான் என்று நினைத்து இடது கையால் கிறுக்கிக் கொடுத்தாள்.

சாப்பாடு வரவில்லை. ஐந்து வாரம் கழித்து மொபெர்லியின் கடிதம்தான் வந்தது. அவள் கிறுக்கிய தாளின்படி அவன்தான் அவளுடைய வக்கீலாம். லாரி கம்பெனியோடு பேசி முடித்துவிட்டானாம், இடது மணிக்கட்டு சுளுக்குக்கு! சம்மதக் கையெழுத்து மட்டும் பாக்கி.

“சுளுக்காம் டெல்ஃபி!” என் வீட்டுக்கு வந்து கத்தினாள். “எந்தக் கைன்னே தெரியாதவன் என் கைய வித்துட்டான்!”

“கொண்டுபோய் அவன் மூஞ்சில விட்டெறி.”

“எறியறதுக்குத்தானடி கை வேணும்!”

ஞாயிற்றுக்கிழமை சபையில், கர்த்தர் செய்ததை எல்லார் முன்னாலும் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றாள். “கர்த்தர் எனக்கொரு பிரதரை அனுப்பினார்னு நெனச்சேன். அனுப்பினது மொபெர்லி. நான் கண்ண மூடி ஆமென் சொல்றேன், அவன் பேனா மூடியத் தொறக்கறான்!”

பாஸ்டர் கிரேடி நெளிந்தார். “சிஸ்டர், மொபெர்லி நம்ம சபைக்கு ஏசி வாங்கிக் குடுத்தவர்...”

“அதான் பாஸ்டர், உங்களுக்குச் சூடே தெரியல.”

பின் பெஞ்சிலிருந்து ஆல்சிட் கிழவர் எழுந்தார். “எனக்கு மீன் கொண்டாந்தான்.” இன்னொருத்தி, “எனக்கு கேக்கு.” ஆறு பேர் எழுந்தார்கள். ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஆறு மானஸ்தர்கள்.

ஏழாவதாக எழுந்தவள் நான். முந்தின வருஷம் கடையில் வழுக்கி விழுந்தபோது எனக்கும் அதே பிரதர் வந்து ஜெபம் பண்ணிக் கையெழுத்து வாங்கினான். அதுமட்டுமல்ல. வெர்லீனைப் பார்க்கப் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் எதிரே வந்தான். ஆளைத் தெரிந்தும், என் குட்டு உடைந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதையும் அன்றைக்கே அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்தாள்.

மொபெர்லியைக் கழற்றிவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு பெண் வக்கீலுக்குப் போன் போட்டாள். வியாழக்கிழமைவரை நேரமில்லை என்றாள் அந்த அம்மா. வெர்லீனுக்கு ஒரே சந்தோஷம். “என்னைக் காக்க வைக்கிறா பாரு, இவதான் வக்கீல்!” ஆனால் மொபெர்லி தன் பங்கு வராமல் கேஸ் காகிதங்களைக் கொடுக்க மாட்டேன் என்று ஐந்து மாதம் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். ஜெபம் பண்ணத் தெரிந்தவனுக்குக் காகிதம் கொடுக்கத் தெரியவில்லை.

லாரி கம்பெனிப் பணம் வந்து, எட்டாவது மாதம்தான் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த அன்று நான்தான் கூட இருந்தேன். மூன்று விரல் மடங்கியது. மற்ற இரண்டும் விறைத்து நின்றன.

“மூணு போதும், கரண்டி பிடிக்கலாம்” என்றாள்.

நீ ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தால் ஐந்தும் மடங்கியிருக்கும் என்று அவள் சொல்வாள், வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். யாரையும் விட்டுவைக்காத அந்த வாய் இன்றுவரை அதைச் சொல்லவில்லை.