அண்ணத்தில் பல் முளைத்தவை

எனக்கு அருவருப்பு சுலபத்தில் வராது. ஆம்பூரில் இருபது வருஷமாக விலங்கியல் நடத்துகிறேன். பஸ் எங்கள் ஊரைத் தாண்டும்போது, தோல் பதனிடுகிற டேனரிகளின் நாற்றத்துக்கு வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்தக் காற்றில்தான் நான் டிபன் பாக்ஸைத் திறப்பேன். தவளை அறுத்திருக்கிறேன். கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவளுக்கு வீட்டுக்காரர் கஞ்சி குடிப்பதைப் பார்த்தால் குமட்டியது.

சுற்றி வளைப்பானேன். போன வருஷம் வேலூரில் அவருக்கு ஆபரேஷன் செய்து, கீழ்த்தாடையின் இடது பாதியை எடுத்துவிட்டார்கள். புற்று. மூன்று வாரம் மூக்கு வழியாகக் குழாய். அதை எடுத்த பிறகு, இனி வாயாலேயே சாப்பிடலாம் என்று அனுப்பினார்கள். ஸ்பூனை உள்ளே விட்டால் மிச்சமிருக்கும் தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். உதடு மூடாது. கஞ்சி பாதி உள்ளே, பாதி கழுத்தில். உள்ளே போனதும் இடது கன்னத்தில் தேங்கி நிற்கும். தலையைப் பின்னால் வெடுக் வெடுக்கென்று உதறி அதை இறக்கும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு இஷ்டமில்லை. அடுப்பைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொள்வேன். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? சில நாளில் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். பிறகு பாதியில் எழுந்தார். பிறகு பசியே இல்லை என்றார்.

அடுத்த தடவை வேலூர் போனபோது டாக்டர் எடையைப் பார்த்தார். ஒரு மாதத்துக்குள் ஏறாவிட்டால் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிடலாம் என்றார். திரும்பும் வழியில் பள்ளிகொண்டா தாண்டும்போது இவர், எனக்கு மட்டும் புரிகிற அந்தக் குழறல் பேச்சில் சொன்னார்.

"வயித்துல குழாய் வெச்சா நா மனுசனே இல்ல. சொல்ட்டேன்."

எனக்கு வந்த கோபமெல்லாம் புகையிலை மேல். இவர் ஒரு டேனரியில் சுண்ணாம்புப் பிரிவு மேஸ்திரி. பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியையும் ஜவ்வையும் நீக்குகிற இடம் அது. கையுறை முழுக்கச் சுண்ணாம்பு; அந்தக் கையோடு வாயைத் தொட்டால் உதடு வெந்துபோகும். புகையிலைத் தூள் இல்லாமலோ வேலை ஓடாது. அடக்கிக்கொண்டால் நாற்றம் தெரியாது, தலை சுற்றாது என்று அத்தனை பேருக்கும் நம்பிக்கை. ஆகவே மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டு வரிசையாகப் போவார். ஒவ்வொருவராக வாயைத் திறப்பார்கள். இவர் ஒரு சிட்டிகை எடுத்து, விரலால் கன்னத்தை ஒதுக்கி, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். கடைசியில் தன் வாயில். கல்யாணமான புதிதில் சாப்பாடு கொண்டுபோனபோது இதைப் பார்த்தேன். ஒரே விரல், அத்தனை வாய். அன்றைக்கு வாசலிலேயே வாந்தி எடுத்தேன். முழுகாமல் இருக்கிறேன் என்று ஊரே சந்தோஷப்பட்டது.

அந்த வரிசையில் நின்ற ஒருவர், இவருக்கு நோய் வருவதற்கு முந்தியே, இதே நோயில் போய்ச் சேர்ந்தார். அவர் வீடு இருக்கிற தெருப் பக்கம் இவர் போவதில்லை.

இந்த லட்சணத்தில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. வருஷா வருஷம் எரிமலை பொங்குவதைப் பார்த்துச் சலித்துப்போன தலைமையாசிரியை, இந்தத் தடவை பழங்காலக் கடல் ஊர்வன எப்படித் தின்றன என்று பெரிய சார்ட் போடச் சொன்னார். உலகத்தில் அவருக்கு வேறு தலைப்பே கிடைக்கவில்லை.

படித்தேன். தரையிலிருந்து கடலுக்குத் திரும்பிப் போனவை அவை. தரையில் பல்லி கவ்வும், தலையை உதறும், இரை தன் எடையிலேயே தொண்டைப் பக்கம் நகரும். தண்ணீரில் இது பலிக்காது. இரை அங்கே மிதக்கும். வாயைத் திறந்துகொண்டு பாய்ந்தால், முன்னால் தள்ளப்படுகிற தண்ணீரே மீனையும் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே எத்தனையோ தலைமுறைகளில் ஆளுக்கொரு வழி பிறந்தது. சிலவற்றுக்கு வாய் குச்சி போல நீண்டது, தண்ணீரைக் கிழித்துப் பக்கவாட்டில் வீசிக் கவ்வ. சிலவற்றுக்கு அண்ணத்தில் அம்மிக்கல் மாதிரித் தட்டைப் பற்கள், சிப்பியை ஓட்டோடு நொறுக்க. ஒன்றுக்குப் பல்லே இல்லை. தண்ணீரை வாய் நிறைய வாங்கி வடிகட்டியிருக்கும் என்கிறார்கள். ஒன்றுக்கு வாயின் முன்பக்கம் அகன்று, கடலடிப் பாசியைச் சுரண்டியது. மற்றவர்களுக்கு இதில் அதிசயம் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாய்தான். கோடிக்கணக்கான வருஷமாகக் கிழிப்பதும் உறிஞ்சுவதும் நொறுக்குவதும் விழுங்குவதும். என்ன பிழைப்பு இது என்று புத்தகத்தை மூடி வைத்தேன்.

ஆனால் வாத்தியார் புத்தி எங்கே போகும்? மறுநாள் பின்வாசல் ஜன்னல் வழியாக இவர் சாப்பிடுவதைப் பார்த்துப் பாடக் குறிப்பு நோட்டில் வரைந்தேன். கோணிய தாடை, கழுத்து மச்சம், ஒன்றும் விடவில்லை. 'இடப்பக்கம் தேக்கம். தலையை உதறுதல், தரைப்பல்லி முறை. பயனில்லை' என்று சிவப்பு மையில் எழுதினேன். பார்க்கக் குமட்டியது, வரையும்போது குமட்டவில்லை. அதனால்தான் வரைந்தேன் என்று நினைக்கிறேன்.

பக்ரீத் லீவன்று கூடத்தில் சார்ட்டை விரித்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். இவருடைய டேனரி தோஸ்த் வீட்டிலிருந்து பிரியாணி வந்திருந்தது. இவருக்கென்று தனியாக, அரிசியைக் குழைய வேகவைத்து, கறியைப் பஞ்சாக உதிர்த்து அனுப்பியிருந்தார்கள். நான் தூரிகை கழுவிவிட்டு வருவதற்குள் இவர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

"இது நாந்தான?"

ஆமாம் என்றேன்.

"பாக்க அசிங்கமாவா கீது?"

இல்லை என்று சொல்ல எத்தனையோ வழி இருந்தது.

"ஆமாங்க. அசிங்கமாத்தான் இருக்குது."

"எனக்குந்தான்," என்று சொல்லி நோட்டை மூடி வைத்தார்.

கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். சார்ட் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் வந்த பெரிய கடல் பல்லியின் வாய்க்குள்ளே நான் வரைந்திருந்த இன்னொரு வரிசைப் பல்லைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். சொன்னேன். முன்வாய் கவ்வத்தான், அண்ணத்தில் இருக்கிற இந்தக் கொக்கிப் பற்கள்தான் பாம்பு செய்வது போல இரையைத் தொண்டைக்கு இழுக்கும். புதிதாக முளைத்தவையும் இல்லை. தரையில் இருந்த முன்னோர்களுக்கே அண்ணத்தில் சின்னப் பற்கள் இருந்தன, இருந்ததையே வேறு வேலைக்கு வைத்துக்கொண்டன. இவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே தன் விரலை வாயின் வலது ஓரத்தில் விட்டுப் பார்த்தார்.

"முன்னாடி வெச்சா வழியத்தான் செய்யும். உள்ள வெக்கணும். வலது பக்கம், கடவாய்க்குப் பின்னாடி," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "தூள் வெக்கற மாதிரி வெய்யி. என் வெரலு தடி, உள்ள போவல."

கையைக் கழுவினேன். தேவைக்கு மேலேயே கழுவினேன். பிரியாணிச் சோற்றைக் கோலி அளவுக்கு உருட்டினேன். அவர் வாயைத் திறந்தார், திறக்க முடிந்த அளவுக்கு. இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்த வாய்க்குள் நான் பார்த்ததில்லை. வெட்டிய இடத்தை மூட மார்பிலிருந்து தோல் எடுத்துத் தைத்திருந்தார்கள். அந்தத் தோலில் முடி முளைத்திருந்தது. ஈரமான கறுப்பு முடி, அதில் நேற்றைய கஞ்சி. அவருக்கு என் முகம் தெரிந்திருக்கும்.

"முடிதான? சுண்ணாம்பு வெச்சா போய்டும்," என்றார்.

சிரித்துவிட்டேன். சிரிப்பிலேயே விரலை உள்ளே விட்டேன். வழவழவென்று சூடாக, வாடையோடு இருந்தது. கன்னத்தை ஒதுக்கி, மிச்சமிருந்த கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் உருண்டையை வைத்து எடுக்கப் போனேன். அழுத்து என்று ஜாடை காட்டினார். அழுத்தினேன். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. தலை உதறவில்லை. சத்தம் வரவில்லை. கழுத்தில் ஒரு பருக்கை இல்லை.

இரண்டாவது, மூன்றாவது. விரலிலிருந்து எச்சில் மணிக்கட்டு வரை வழிந்தது. குமட்டல் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வைத்தேன். கிண்ணத்தில் பாதி காலியானபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். கண் நிறைந்திருந்தது. போதுமா என்று கேட்டேன்.

"இப்டித்தான் அத்தினி பேருக்கும் வெச்சேன்," என்றார்.

அடுத்த உருண்டையை உருட்டினேன்.

"வாயத் தொறங்க," என்றேன்.