பெஞ்சு மேல் ஏறிய நாள்

மாமா நகரசபை உறுப்பினராக இருந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. பிள்ளையார்பாளையத்தில் இருந்த நகராட்சிப் பள்ளிக்கு நானும் என் வகுப்பு வள்ளியும் பெரும்பாலும் தாமதமாகத்தான் போவோம். எனக்குத் தூக்கம் காரணம். அவளுக்குத் தறி. விடிந்ததும் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைக் கரைக்கு ஊடை நூல் கோத்த நாடாவை ஓட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அவள் புறப்பட முடியும்.

வாசலில் சார் பிரம்போடு நிற்பார். வள்ளிக்கு வலது கையில் இரண்டு அடி. என்னிடம், "போய் உக்காரும்மா. மாமா நல்லா இருக்கறாரா?" என்பார். அது எனக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் அடிபட்டு வீங்கிய வள்ளியின் கையிலிருந்து நாடா தவறிக் கரையில் இழைகள் அறுந்துவிட்டன. "இனிமே ஸ்கூலும் வேணாம், ஒன்னும் வேணாம்" என்று அவள் அப்பா அவளைத் தறியிலேயே உட்கார வைத்துவிட்டார். சாப்பிடும்போது இதைச் சொன்னேன். சார் மாமாவை விசாரித்ததையும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன்.

கையில் எடுத்த சோற்றை மாமா தட்டிலேயே போட்டார்.

"அவளுக்கு அடி, உனக்கு இல்லியா?"

"எனக்கு ஒருநாளும் இல்ல மாமா."

எழுந்து போய்க் கை கழுவிவிட்டார். ரசம் ஊற்ற வந்த அம்மா என்னை முறைத்தாள்.

அடுத்த கூட்டத்தில் மாமா தீர்மானம் கொண்டுவந்தார். யார் வீட்டுப் பிள்ளையானாலும் ஒரே தப்புக்கு ஒரே தண்டனை. அதற்கு மறுப்பில்லை. எந்தத் தண்டனை என்பதில்தான் சபை சிக்கிக்கொண்டது. பாதிப் பேர் தறிக்காரர்கள். நடந்ததை மாமா வீட்டில் குரல் மாற்றி மாற்றி நடித்துக் காட்டினார்.

"கையில அடிச்சா புள்ள எப்படிபா நாடா ஓட்டும்?"

"அப்ப கால்ல அடிக்கச் சொல்லு."

"தறியில மிதிபலகைய உங்கப்பனா வந்து மிதிப்பாரு?"

"அட, அடிக்கிறதுக்கு எடமே இல்லியே! நிக்க வெச்சித் தொலைங்கபா!"

அப்படித்தான், தாமதமாக வந்தால் முதல் பாடம் முடியும்வரை பெஞ்சு மேல் நிற்பது என்று முடிவாயிற்று. மாமாவே வள்ளியின் வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"இனிமே கை மேல பிரம்பு படாது. அனுப்புப்பா."

"உங்க வீட்டுப் பொண்ணுக்கும் அதேதானா?" என்றார் வள்ளியின் அப்பா, தறியை விட்டு எழாமலே.

"அதேதான்."

"ஒருநாளு அனுப்பிப் பாக்கறேன்."

மறுநாளும் இருவரும் தாமதம். சார் வள்ளியை ஏறச் சொன்னார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "நீயும் ஏறும்மா" என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. கூச்சத்தில் அழுதுவிட்டேன். வள்ளி என் பாவாடையை இழுத்து, "ஏய், இங்கேருந்து கோபுரம் தெரியுதுடி" என்று சிரித்தாள். என் அவமானம் இவளுக்கு வேடிக்கையா என்று கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏத்தினாரா?"

"ம்."

"அழுதியா?"

"ம்."

"அந்தப் பொண்ணு?"

"சிரிச்சா. நாளைக்கும் வராளாம்."

மாமா தட்டை அம்மாவின் பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் சோறு போடுக்கா."

நான் அழுததைக் கேட்ட பிறகும் இவருக்கு எப்படிச் சோறு இறங்குகிறது என்று, மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை.