கொடைக்கானலில் வாங்கிய ஸ்காட்லாந்துக் கட்டம்

கொடைக்கானலுக்கு என்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் முதல் பதில் கம்பளி உடை. 1966 மே மாதம் நாங்கள் போனபோது அதுதான் எங்களிடம் இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகி நாலைந்து மாதம். திண்டுக்கல் வெயிலில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. என் சித்தி கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்தார். ஒரு வாரம் வந்து தங்கிப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தார். என் கணவர் அந்தோணி தபால் ஆபீசில் லீவு போட்டார், கிளம்பிவிட்டோம்.

திண்டுக்கல்லில் இருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலை ஏழு மணி பஸ் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டோம். பெருமாள்மலையில் டீக்கு இறங்கும்போதே அந்தோணி கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அவரிடம் வேறு நிறமே கிடையாது.

மறுநாள் காலை பஜாரில் ஒரு ராவுத்தர் கடைக்குப் போனோம். வெள்ளைக்காரர்கள் பங்களாவைக் காலி செய்துவிட்டுத் தங்கள் ஊருக்குப் போகும்போது விற்கும் சாமான்களை அவர் மொத்தமாக வாங்கிப் போடுவார். கடைக்காரர் ஒரு கம்பளித் துணியை எடுத்து விரித்தார். நல்ல சிவப்பு. அதில் அகலமான பச்சைப் பட்டை, கருநீலப் பட்டை, இரண்டு பச்சைக்கு நடுவே நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. நெடுக்கிலும் குறுக்கிலும் அப்படியே ஓடியது.

"கைலிக் கட்டம் மாதிரி இருக்கே பாய்," என்றேன்.

"கைலி இந்தக் கனத்துக்கு வருமாம்மா? சீமைச் சரக்கு."

நான் சாம்பல் நிறம் ஏதாவது எடுக்கலாம் என்று பார்த்தேன். அந்தோணியோ அந்தச் சிவப்பை விட்டுக் கையை எடுக்கவில்லை. பக்கத்திலேயே இருந்த தையல்காரர் அடுத்த நாள் சாயங்காலம் கோட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டார்.

ஏரியைச் சுற்றி நடந்தால் ஐந்து கிலோமீட்டர். காலையில் வெள்ளனே போனால் கூட்டம் இருக்காது. நான்காம் நாள் அப்படி நடக்கும்போது, எங்களுக்குப் பின்னால் ஒரு கைத்தடிச் சத்தம் வேகமாக வந்தது. அறுபது வயது இருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க. இந்தத் துணி எங்க கெடச்சது?"

நம் ஊர்த் தமிழ். பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர், முப்பது வருடமாக இங்கேயே இருப்பவர், ஊரில் எல்லாரும் மிஸ்ஸியம்மா என்று கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் பிறகு சித்தி சொல்லித்தான் தெரியும். அந்தோணி கடையைச் சொன்னார். அந்த அம்மா கோட்டின் மேல் விரல் வைத்து, சிவப்பு, பச்சை, வெள்ளை, பச்சை, நீலம் என்று வரிசையாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது எங்கம்மா வீட்டுக் கட்டம். எங்க ஸ்காட்லாந்துல ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. அப்பா வீடு கறுப்பும் நீலமும். அம்மா வீடு இது. வேட்டைக்குப் போறப்ப உடுத்துற துணியிலயும் இதே வரிசைதான், சிவப்பு இருக்கிற எடத்துல பச்சை வரும்."

அவர் இந்தியாவுக்குக் கிளம்பும்போது தாயார் கொடுத்த துணியாம். வெட்ட மனம் வராமல் பெட்டியிலேயே வைத்திருக்கிறார். கூட இருந்த தங்கை ஊருக்குத் திரும்பும்போது, தன் பெட்டி என்று நினைத்து இதையும் விற்றுவிட்டாள்.

அந்தோணி கோட்டைக் கழற்றி நீட்டினார். அந்தக் குளிரில் மெல்லிய சட்டையோடு நின்றார்.

"போட்டுக்கோங்க தம்பி. காசு கொடுத்து வாங்கினீங்க. மிச்சத்துணி இருந்தா மட்டும் எனக்குக் குடுங்க."

மூவரும் தையல் கடைக்குப் போனோம். மிச்சம் ஒரு முழம்கூட இல்லை. இருந்த துண்டை மடியில் விரித்து, கசங்கிய இடத்தைத் தடவித் தடவி நேராக்கிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. அந்தோணி கோட்டைக் கழற்றித் தையல்காரர் முன்னால் வைத்தார்.

"அண்ணே, ரெண்டு கையையும் பிரிச்சிருங்க. அதையும் சேர்த்து ஒட்டி அம்மாவுக்கு ஒரு மப்ளர் தச்சுக் குடுங்க."

"நேத்துத்தானப்பா தச்சேன். குளிருக்குத்தானே கோட்டு?"

"எனக்கு நெஞ்சுதான் குளிருது. கை குளிரல."

அது பொய் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான பிறகு அவரை எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது அந்தக் கடையில்தான்.

மிஸ்ஸியம்மா முதலில் வேண்டாம் என்றார். பிறகு நாற்காலியைத் தையல் மெஷின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒட்டுப் போடும் இடத்தில் வெள்ளைக் கோடு வெள்ளைக் கோட்டோடு சேர வேண்டும் என்று இரண்டு முறை பிரிக்கச் சொன்னார். தையல்காரர் முகம் சுளிக்காமல் பிரித்தார். முடிந்ததும் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். "பெட்டிக்குள்ள கெடந்ததுக்கு இது எவ்வளவோ மேல்," என்றார்.

அதற்குப் பிறகு எங்கே கட்டம் போட்ட துணியைப் பார்த்தாலும், குறுக்கும் நெடுக்கும் ஒரே வரிசைதானா என்று நான் பார்ப்பேன். சிவப்பும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் மூன்றாவதாக ஒரு மங்கல் நிறம் வரும், பாருங்கள், அழகாக இருக்கும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மே மாதமானாலும் ஸ்வெட்டர் வேண்டும். கோக்கர்ஸ் வாக் பார்க்கக் காலைதான் சரி, மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடும். மன்னவனூர், கூக்கால் பக்கம் போக நினைப்பவர்கள் திரும்பி வரும் பஸ் எப்போது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மலை இறங்கும்போது வயிற்றைப் பிரட்டும், முன் பக்கம் இடம் பிடியுங்கள்.

எங்களுக்கு அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தவர் மிஸ்ஸியம்மா. கிளம்பும் அன்று மப்ளரோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்.

"டிரைவர், இவங்க எங்க ஆளுங்க. முன்னால உக்கார வைங்க."

டிரைவர் அவர் கழுத்தைப் பார்த்தார், அந்தோணியின் கையில்லாத கோட்டைப் பார்த்தார்.

"சொந்தமாங்கம்மா?"

"ஆமா. எங்கம்மா வழி."

டிரைவர் தன் தூக்குச் சட்டியை எடுத்துக் கீழே வைத்து இடம் கொடுத்தார். வத்தலக்குண்டு வந்து வேர்த்துக் கொட்டிய பிறகும் அந்தோணி அந்தக் கோட்டைக் கழற்றவில்லை.