அக்காவுக்குள் வாசித்தவர்

என் அக்காவை அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் 'பாம்புக்காது' என்றுதான் சொல்வார்கள். ஸ்கேன் பிரிவின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், காதில் ஹெட்போனும் காலடியில் ஒரு மிதியுமாக உட்கார்ந்து டைப் அடிப்பது அவள் வேலை. மூன்றாவது மாடியில் எக்ஸ்ரே படங்களைப் பார்க்கும் டாக்டர், தான் பார்த்ததை மைக்கில் சொல்வார். அது பதிவாகிக் கீழே வரும். மிதியை அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் தட்டினால் இரண்டு சொல் பின்னால் போகும். "நுரையீரல் தெளிவாக உள்ளது, புள்ளி. இதயத்தின் அளவு இயல்பு, புள்ளி. புதுப் பத்தி." இப்படியே நாள் முழுக்க.

டாக்டர் பாதிச் சொற்களை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்பவர். "இந்த மனுஷன் என்னத்த முழுங்குறாருன்னே தெரியல" என்று மற்ற டைப்பிஸ்டுகள் கையை விரித்த இடங்களை அக்கா ஒரே தடவையில் பிடித்துவிடுவாள். அதனால் அவருடைய பதிவுகள் எல்லாம் அவள் தலையில் விழுந்தன. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். பதினேழு வருடம்.

இத்தனை வருடத்தில் அவரோடு நேரில் பேசியது பத்துத் தடவை இருந்தால் அதிகம். ஒருமுறை லிஃப்டில் அவர், "எந்த மாடி?" என்று கேட்டிருக்கிறார். அக்காவின் வலது கால் தானாக அழுந்தியதாம். விரல்கள் கைப்பையின் மேல் அந்த இரண்டு சொல்லையும் அடித்தே விட்டன. பதில் சொல்ல மறந்து, அவரோடு மூன்றாவது மாடி வரை போய்விட்டு அசடு வழியத் திரும்பி வந்தாள். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

விஷயம் வெளியே வந்தது ஒரு விடுமுறை நாளில். இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்டு முடித்து, யாருக்கும் எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரருக்கு எதையாவது கிளப்பிவிட்டு வேடிக்கை பார்க்கிற குணம்.

"மனசுக்குள்ள படிக்கிறப்ப உங்களுக்கெல்லாம் ஒரு குரல் கேக்குதா?" என்றார்.

அக்காவின் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். எதையும் நட்டு போல்ட்டு மாதிரிதான் பார்ப்பார். "எனக்கு ஒண்ணும் கேக்காது. எழுத்தப் பாத்தா விஷயம் புரியும். அவ்வளவுதான்."

"கொடுத்து வச்சவரு சகலை. எங்க வீட்டுல அந்த நிம்மதிகூட இல்ல."

"எனக்கு என் குரல்தான் கேக்கும்," என்றேன் நான். "நேர்ல இருக்கறதவிட கொஞ்சம் இனிமையா."

"அப்ப அது வேற யாரோ," என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா தரையில் கிடந்த பேப்பரை எடுத்து நாலு வரி பார்த்தாள். பிறகு அதை மடித்து, மடித்ததையே இன்னும் இரண்டாக மடித்து, கட்டிலுக்கு அடியில் வைத்தாள். பாத்திரம் கழுவும்போதுதான் என்னிடம் சொன்னாள்.

"அவர்டி."

"எவரு?"

"டாக்டர். அவர்தான் படிக்கிறாரு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. மின்சார அலுவலக நோட்டீஸ், சோப்பு உறை, மாமியாரின் கடிதம், எதை எடுத்தாலும் அவர்தான் வாசித்தார். வாசிப்பது மட்டும் என்றால்கூடப் போகட்டும். அவள் நினைப்பதும் அந்தக் குரலில்தான் வந்தது. பால் தீர்ந்துபோயிற்று, புள்ளி. மழை வரும்போல் உள்ளது, துணிகள் மாடியில், புள்ளி. அத்தான் ஒரு நாள் சாவியைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக் கத்திக்கொண்டிருந்தபோது, உள்ளே அவர் நிதானமாகச் சொன்னாராம்: முந்தைய நிலையோடு ஒப்பிடுகையில் மாற்றம் எதுவும் இல்லை, புள்ளி.

இதைச் சொல்லும்போது அக்காவுக்கே சிரிப்பு வந்தது. பிறகு சொன்னாள்: "என் குரல் எப்ப போச்சுன்னே தெரியலடி. நான் பாட்டுக்கு வேலையப் பாத்துட்டு இருந்திருக்கேன்."

அவள் என்னிடம் அப்போது சொல்லாத இன்னொன்றும் இருந்தது. டாக்டரின் மூச்சு. முன்பெல்லாம் ஒன்பது பத்துச் சொல்லுக்கு ஒருமுறைதான் மூச்சு வாங்குவார். கடைசி வருடத்தில் அது ஏழானது, ஆறானது. கோடை முடிவதற்குள் நாலு சொல்லுக்கு ஒருமுறை. தொண்டையில் 'டக்' என்று ஒரு சின்ன ஓசை, பிறகு மூச்சு. பக்கத்தில் நின்று பேசுகிறவர்களுக்குத் தெரியாது. காதுக்குள் வைத்துக் கேட்பவளுக்குத் தெரியும். "இதயம் சற்றே பெரிதாகியுள்ளது" என்று யாரோ ஒரு நோயாளியைப் பற்றி அவர் சொன்னபோது, அந்த மூன்று சொல்லுக்கு நடுவிலேயே மூச்சு வாங்கியது. அக்கா ஒரு துண்டுச் சீட்டில், 'சார், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினாள். கீழ்த்தளத்து டைப்பிஸ்ட் டாக்டருக்கு வைத்தியம் சொல்வதா என்று தோன்றியது. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போனாள்.

அவர் இறந்தது ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில்.

அக்காவுக்கு அது தெரியாது. வரிசையில் அடுத்து வந்த பதிவைத் திறந்தாள். வழக்கம்போல நோயாளியின் எண், வயது. பிறகு, "இடது நுரையீரலின் மேல் பகுதியில்" என்றார். அதோடு நின்றுவிட்டது. படத்தை நன்றாகப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து அவள் மிதியை அழுத்தியபடியே இருந்தாள். ஏசியின் இரைச்சல். எங்கோ ஒரு ஃபோன் அடித்து ஓய்ந்தது. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. நாலு நிமிடம் அப்படியே ஓடியது. கடைசியில் ஒரு கதவு திறந்து, "சார்?" என்று வார்டு பையனின் குரல். மறுபடியும், இன்னும் பக்கத்தில், "சார்?" பிறகு யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள்.

அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. அவள் தலைக்குள் அந்த வாக்கியம் முடிந்துகொண்டிருந்தது. மேல் பகுதியில் பழைய வடு ஒன்று உள்ளது, புள்ளி. அவள் கை அதை அடித்தது. வெளியே தாழ்வாரத்தில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் திரையைப் பார்த்தாள். அவர் சொல்லாத சொற்கள் அவர் சொன்னவற்றோடு சேர்ந்து நின்றன. ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

அந்த நோயாளியின் படத்தை மூன்றாம் நாள் புது டாக்டர் பார்த்துச் சொன்ன பதிவும் அவளிடமே வந்தது. "இடது நுரையீரலின் மேல் பகுதியில் பழைய வடு ஒன்று."

"அந்த இடத்துல பெரும்பாலும் அதுதானேடி இருக்கும்," என்றாள் என்னிடம். "பதினேழு வருஷமா அடிக்கிறேன். கையே சொல்லிடும்." நான் ஆமாம் என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆள் போனபிறகு குரலும் போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. முன்னைவிட மோசமாக மூச்சு வாங்கியது. இரண்டு சொல், 'டக்', மூச்சு. இன்னும் இரண்டு சொல். அக்காவும் கூடவே மூச்சு வாங்க ஆரம்பித்தாள். காய்கறிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மலை ஏறி வந்தவள் மாதிரி நிற்பாள். அத்தான் பயந்துபோய் அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். எல்லாம் எடுத்தார்கள். புது டாக்டர் பார்த்துச் சொன்ன அறிக்கையை அக்காவே டைப் அடித்தாள். நுரையீரல் தெளிவாக உள்ளது. இதயத்தின் அளவு இயல்பு. அடித்ததைச் சரிபார்க்கப் படித்தபோது, பழைய டாக்டர்தான் திணறித் திணறி அதை வாசித்தார்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், டாக்டரின் மனைவி அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில கேட்டேன். பதிவெல்லாம் தொண்ணூறு நாள்ல தானா அழிஞ்சுருமாமே."

"ஆமாங்கம்மா. எதுவும் இல்லீங்க."

"வீட்டுல அவர் குரல் ஒண்ணுகூட இல்ல. ஃபோன்ல வீடியோ எடுத்தாக்கூட வாயத் திறக்க மாட்டாரு. நாள் பூரா அங்க பேசிட்டு வந்துட்டதா சொல்லுவாரு." கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "முப்பத்தொரு வருஷத்துல என்கிட்ட பேசுனதவிட உங்ககிட்டதான் அதிகம் பேசியிருக்காரு," என்றார். குரலில் குத்தல் இல்லை. கணக்குப் போட்டுச் சொன்னதுபோல்தான் சொன்னார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு மூச்சு விஷயத்தைச் சொன்னாள். ஒன்பது, ஏழு, நாலு என்று எல்லாவற்றையும் சொன்னாள். கிழித்துப்போட்ட சீட்டையும் சொன்னாள்.

"எனக்குத் தெரியலையே," என்றார் அந்த அம்மா. "பேசினாத்தானே தெரியும்."

பிறகு அக்கா மற்றதையும் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று நான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. மேசையில் கிடந்த பேப்பரை எடுத்து நீட்டினார்.

"வாசிங்க. உங்களுக்குக் கேக்கற மாதிரியே."

ஏதோ ஒரு தெருவில் தண்ணீர்க் குழாய் மாற்றுவதைப் பற்றிய செய்தி அது. அக்கா வாசித்தாள். குரல் என் அக்காவின் குரல்தான். ஆனால் அந்த நடை அவளுடையது இல்லை. சொல்லின் கடைசியை விழுங்கிக்கொண்டு, 'புள்ளி' என்று நிறுத்தி, தொண்டையில் 'டக்' என்று, பிறகு மூச்சு. நான் அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அறையில் நாலாவதாக ஒருவர் இருப்பது எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மா கண்ணை மூடியிருந்தார். நடுவில், "தண்ணி குடிச்சுட்டுப் படிங்க," என்றார். அது அக்காவிடம் சொன்னது இல்லை. அக்கா டம்ளரை எடுத்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

நாலு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம். ஐந்தாவது ஞாயிறு அவர் வரவில்லை. ஃபோன்தான் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இனிமே நான் உங்களத் தொந்தரவு பண்ணல. காலையில பேப்பர் எடுத்தேன். அவரே வாசிச்சாரு." ஃபோனில் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. "மூச்சு வாங்கலம்மா. நல்லா வாசிக்கிறாரு."

அக்கா ஃபோனை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் திறந்தாள்.

"யாருமே இல்லடி," என்றாள்.

எழுத்து தெரிந்தது, பொருளும் புரிந்தது. சத்தம்தான் இல்லை. நினைப்பதிலும் அப்படித்தான். அவள் சொந்தக் குரல் திரும்பி வரும் என்று காத்திருந்தோம். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நாள் போனது. வேலை மட்டும் ஜோராக நடந்தது. பிழையே இல்லை என்று புது டாக்டர் மேலதிகாரியிடம் சொன்னாராம். வீட்டில்தான் கஷ்டம். உள்ளே சொல்லிக்கொள்ள முடியாததையெல்லாம் அவள் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். "அடுப்ப அணைக்கணும். இந்தத் துணி காயல. தலை வலிக்குது." அத்தான் முதலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அது தனக்கு இல்லை என்று புரிந்து விட்டுவிட்டார்.

"எனக்கும் இதே கதைதான். நான் எப்பவும் இப்படித்தானே இருக்கேன், நல்லாத்தானே இருக்கேன்," என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தார்.

"உங்களுக்குப் பழக்கம்," என்றாள் அக்கா.

ஒரு நாள் என்னிடம் கேட்டாள். "நம்ம ரெண்டு பேர் குரலும் ஒரே மாதிரி இருக்கும்னு அம்மாவே ஃபோன்ல ஏமாந்திருக்காங்கல்ல? காலையில கொஞ்ச நேரம் வந்து எனக்குப் பேப்பர் வாசிக்கிறியா?"

பக்கத்துத் தெருதான். தினமும் ஏழு மணிக்குப் போய், அவள் சமைத்துக்கொண்டே கேட்க, அரைமணி நேரம் வாசிப்பேன். விலைவாசி, விபத்து, வானிலை, எது இருந்தாலும். நாற்பது நாள் இருக்கும். போன வாரம் வேலையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வந்துருச்சுடி. மத்தியானம் ஒரு ரிப்போர்ட்ட சரிபாத்துட்டு இருக்கேன், திடீர்னு வாசிக்க ஆரம்பிச்சுருச்சு."

"உன் குரலா?"

"இல்ல. நீ."

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும் சிரித்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் போனபிறகு, தபாலில் வந்த ஒரு நோட்டீஸ் மேசையில் பிரிக்காமல் கிடந்தது. அதைப் பிரித்தேன். உடனே படிக்கவில்லை. எழுத்தின் மேல் கண்ணை வைக்காமல் கொஞ்ச நேரம் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு படித்தேன்.

கேட்டது. என் குரல்தான் என்று நினைக்கிறேன். முன்னைவிடக் கொஞ்சம் தள்ளி, அடுத்த அறையிலிருந்து வருவதுபோல இருந்தது. களைப்பாகக்கூட இருக்கலாம்.

மறுநாள் காலை போகலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஏழு மணிக்குக் கால் தானாகக் கிளம்பியது. அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பேப்பரை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து, அவளுக்கு நன்றாகக் கேட்கும்படி கொஞ்சம் மெதுவாகவே வாசிக்க ஆரம்பித்தேன்.